ஐந்தாவது ஃபாரம்

ஜனவரி 11

என் வாயாடிக்கு,

இங்கே நானும் அத்தானும் இருக்கிறோம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். நலமில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தது. "இனிமேல் எனக்குப் புத்தகத்தைப் பற்றி எழுதாதே அக்கா. படித்து முடிக்கிற அளவுக்கு நான் இருக்கப் போவதில்லை" என்று இரண்டே வரி. கையெழுத்து அழகாக, கோடு போட்ட மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் உனக்குப் போன் அடித்தேன். போனை அணைத்துப் போட்டிருக்கிறாய். உன் மாடிவீட்டு நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டேன். புத்தகங்களையெல்லாம் மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டதாகச் சொன்னாள். சின்ன வயதில் ஒரு புத்தகத்தை நான் தொட்டாலே கையைக் கடிப்பாய். நீ புத்தகத்தை வெளியே வைத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

உன் வீட்டுக்காரர் போய் நாலு மாதம் ஆகிறது. அழு, கத்து, என்னைத் திட்டு. போகிறேன் என்று மட்டும் சொல்லாதே. வேறு நேரமாக இருந்தால் ரயிலேறி வந்து உன் தோளைப் பிடித்து உலுக்கியிருப்பேன். பக்கவாதத்தில் கிடக்கிற மனுஷனை யாரிடம் விட்டுவிட்டு வருவது? நான் வேலைக்குப் போகிற நேரத்துக்கு மட்டும் ஓர் ஆளை ஏற்பாடு செய்திருக்கிறேன். அவள் மணி அடித்ததும் ஓடிவிடுகிறாள். அத்தான் வாயில் மிச்சமிருப்பது 'சரி' என்கிற ஒரே வார்த்தை. பசித்தாலும் 'சரி', வலித்தாலும் 'சரி'. உன்னை டாக்டரிடம் அழைத்துப் போகச் சொல்லி நர்ஸிடம் கெஞ்சியிருக்கிறேன். அவள் வந்து கூப்பிட்டால் மறுபேச்சு பேசாமல் கிளம்பு.

எங்கள் பைண்டிங் கடையில் இப்போது ஒரு நாவல் ஓடுகிறது. எழுதியவரை யாருக்கும் தெரியாது, முதல் புத்தகமாம். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மைக் கறை பட்டதென்று கழித்துப் போட்டதில் ஒரு முழுப் பிரதியை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கினேன். இத்துடன் இருப்பது முதல் ஃபாரம். படித்துவிட்டுக் கருத்து எழுது. எழுதினால்தான் அடுத்தது வரும்.

என் கருத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். லாட்ஜ் நடத்துகிற ஒருத்தி, ஒன்பதாம் அறையில் வந்து தங்கினவன் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறான். இவள் சாவிக்கொத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு, தனக்குத்தானே திட்டிக்கொண்டே படியேறுகிறாள். எனக்குப் பிடித்திருக்கிறது. அத்தானுக்கும் படித்துக் காட்டினேன். அத்தான் கருத்து: சரி.

எழுதுவாய் என்று காத்திருக்கும்,
அக்கா


ஜனவரி 30

அக்கா,

அத்தானை நன்றாகப் பார்த்துக்கொள். என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நர்ஸ் கூட்டிப் போனாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். தூக்கம் வருகிறது, அவ்வளவுதான்.

நீ அனுப்பியதைப் படித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அந்த லாட்ஜ்காரி ரொம்பப் பேசுகிறாள். இனி அனுப்ப வேண்டாம்.

தங்கை


பிப்ரவரி 6

வாயாடி,

நீ மாத்திரை சாப்பிடுகிறாய் என்பதைவிட நல்ல செய்தி இந்த மாதம் எனக்கு வராது. விடாதே. ஒன்று பிடிக்கவில்லை என்றால் வேறொன்று மாற்றித் தருவார்கள் என்று நர்ஸ் சொல்கிறாள். அத்தான் இடது கைச் சுண்டுவிரலை நேற்று அசைத்தார். அசைத்ததாக நான் சொல்கிறேன், வேலைக்காரம்மா இல்லை என்கிறாள்.

"லாட்ஜ்காரி ரொம்பப் பேசுகிறாள்" என்று எழுதியிருக்கிறாயே, அது கருத்து. ஒரு வரியென்றாலும் கருத்து கருத்துதான். ஆகவே இரண்டாவது ஃபாரம் வருகிறது. வேண்டாம் என்று சொன்னதை நான் படிக்கவில்லை. அந்த வரியில் மைக் கறை பட்டிருந்தது என்று வைத்துக்கொள்.

அவள் ரொம்பப் பேசுகிறாள் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உள்ளே ஒருத்தன் மூச்சுக் காட்டாமல் கிடக்கும்போது வெளியே நிற்கிறவள் வேறென்ன செய்வாள்? தண்ணீர் வரவில்லை, படிக்கட்டு பல்ப் போய்விட்டது என்று கதவைப் பார்த்து அவள் சொல்லிக்கொண்டே இருக்கிற இடத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மேஸ்திரி பார்த்துவிட்டு, "என்னம்மா, பசை கண்ணுல பட்டுடுச்சா?" என்றார். ஆமாம் என்றேன். அத்தான் கருத்து: சரி. இந்த முறை இரண்டு தடவை சொன்னார்.

கோபமாகவாவது எழுது.

அக்கா


பிப்ரவரி 22

அக்கா,

சுண்டுவிரல் அசைந்தது என்றால் நரம்பு டாக்டரிடம் சொல். வேலைக்காரம்மா சொல்வதைக் கேட்காதே.

கோபமாகத்தான் எழுதுகிறேன். நீ அழுத இடத்தில் எனக்கு எரிச்சல் வந்தது. அவன் பணம் கொடுத்துத் தங்கியிருக்கிறான். யாரையும் தொந்தரவு செய்யவில்லை. கதவைத் திறக்காமல் இருக்க அவனுக்கு உரிமை இல்லையா? தினம் வந்து தட்டுவதும் ஒரு வகையில் அடிப்பதுதான். லாட்ஜ்காரி தன் நிம்மதிக்காகத் தட்டுகிறாள், அவனுக்காக இல்லை. உள்ளே இருக்கிறவனுக்கு எழுந்து தாழ்ப்பாளை இழுப்பது எவ்வளவு பெரிய வேலை என்று இந்த எழுத்தாளருக்கும் தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை.

சொல்கிறேன், கேள். காலையில் கண் விழிக்கிறேன். பல் துலக்க வேண்டும். குளியலறையில் இரண்டு பிரஷ் இருக்கிறது. ஒன்றை எடுக்க வேண்டும். அங்கேயே நின்றுவிடுகிறேன். மத்தியானம் ஆகிவிடுகிறது. லேபில் ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய ரத்தத்தைப் பார்த்துச் சொன்னவள் நான், எனக்கு ஒரு பிரஷை எடுக்கத் தெரியவில்லை. லேபிலிருந்து இரண்டு முறை ஆள் வந்தார்கள். கதவைத் திறக்கவில்லை. இதைப் படித்ததும் "நீதான் ஒன்பதாம் அறைக்காரன்" என்று எழுதாதே. அது எனக்கே தெரியும்.

மொத்தம் எத்தனை ஃபாரம்? முடிகிறவரை நான் தாங்க மாட்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

தங்கை


மார்ச் 2

என் கண்ணே,

எத்தனை ஃபாரம் என்று சொல்ல மாட்டேன். நீ கணக்குப் போட்டு வைத்துக்கொள்வாய்.

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன், அப்புறம் உட்கார்ந்து படித்தேன். என் நிம்மதிக்காகத்தான் தட்டுகிறேன். ஒப்புக்கொள்கிறேன். நீ இல்லாமல் போனால் எனக்கு யாரடி இருக்கிறார்கள்? அப்பா அம்மா இல்லை, எனக்குப் பிள்ளை இல்லை. ஒரு நல்ல வரியைப் படித்தால் உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் கை பரபரக்கிறது. உனக்கு வலிப்பது தெரிந்தும் தட்டுகிறேன் என்றால் நான் அவ்வளவு கெட்டவள் என்று வைத்துக்கொள்.

மூன்றாவது ஃபாரத்தில் அவள் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். எனக்கு இதில் குறை உண்டு. லாட்ஜ் வேலையை யார் பார்ப்பது? நாற்காலி போட்டு உட்கார முடிகிறவர்கள் பாக்கியசாலிகள். எழுத்தாளருக்கு வேலைக்குப் போய்ப் பழக்கமில்லை போலிருக்கிறது. அத்தானுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். ஆனாலும் படிக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். அத்தான் கருத்து: சரி.

உன் வீட்டுக்காரர் பிரஷை எடுத்து ஓர் உறையில் போட்டு எனக்கு அனுப்பு. நான் வைத்திருக்கிறேன். தூக்கி எறிய வேண்டாம், பார்க்கவும் வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 7

வாயாடி,

பதில் இல்லை. மூன்றாவது ஃபாரம் கிடைத்ததா இல்லையா? நர்ஸ் பயிற்சிக்கு வெளியூர் போயிருக்கிறாளாம், உன்னைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. லேபுக்குப் போன் அடித்தேன். மறுபடி ஆளனுப்புவதாகச் சொன்னார்கள், அப்புறம் எடுக்கவில்லை.

எனக்குக் கோபம் காட்டவும் தெம்பில்லை. கருத்து எழுதினால்தான் அடுத்தது என்று சொன்னேனே, அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். இரண்டு ஃபாரம் சேர்த்து அனுப்புகிறேன். கருத்து வேண்டாம். 'இருக்கிறேன்' என்று ஒரு வார்த்தை எழுது. அதுவும் முடியாவிட்டால் வெற்று அட்டையில் என் முகவரியை மட்டும் எழுதிப் போடு. உன் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

தபால்காரர் தெருமுனையில் வரும்போதே தலையை ஆட்டிவிடுகிறார், என்னை வாசல்வரை வரவைக்க வேண்டாம் என்று. நல்ல மனுஷன். ஆனாலும் போகிறேன். பதில் போடுடி. பதில் போடு.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

இருக்கிறேன். லேபிலிருந்து நேற்று மறுபடி வந்தார்கள். இந்த முறை திறந்தேன்.

மார்ச் மாதத்தைப் பற்றி எழுத மாட்டேன். மாத்திரையை நிறுத்திவிட்டேன், மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். அது போதும். உன்னைப் பயமுறுத்தியதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இரண்டு ஃபாரத்தையும் படித்தேன். நான்காவது அறுபத்து நாலாம் பக்கத்தில் முடிகிறது. அவள் வழக்கம்போல் படியேறுகிறாள், கதவு மூடியிருக்கிறது. அடுத்ததைப் பிரித்தால் அவளும் அவனும் அடுக்களையில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். பக்கத்தைப் பார்த்தேன். எண்பத்தொன்று. நீ ஐந்தாவதை விட்டுவிட்டு ஆறாவதை அனுப்பியிருக்கிறாய்.

முதலில் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அவன் கதவைத் திறந்த பக்கங்கள்தானே எனக்கு வேண்டியவை? இத்தனை நாள் எதுவும் வேண்டாமென்று கிடந்தவள் ஒரு பதினாறு பக்கத்துக்காக அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். நீ வேண்டுமென்றே தூண்டில் போட்டிருக்கிறாய் என்று நினைத்தேன். அப்புறம் அது இல்லை என்று பட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஃபாரம் அடுக்குகிறவள் நீ. மற்றவர்கள் அடுக்கியதைத் தொட்டுப் பார்த்தே தப்புக் கண்டுபிடிப்பாய். புத்தகத்தைத் தூண்டிலாக்க உனக்கு மனசு வரலாம், அடுக்கைக் குலைக்க உன் கை வராது.

உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் அத்தான் நலமா இல்லையா என்று ஒரு வரி இல்லை. அத்தான் கருத்தும் இல்லை. போன கடிதத்தில் காய்ச்சல் என்று எழுதியிருந்தாய். அத்தானுக்கு எப்படி இருக்கிறது?

தங்கை


ஏப்ரல் 27

என் தங்கத்துக்கு,

நீ இருக்கிறாய். நீ இருக்கிறாய். இதற்குமேல் இன்று ஒன்றும் எழுத வேண்டாம் என்றுதான் இருக்கிறது.

இங்கே நலம். அத்தான் நலம். காய்ச்சல் அப்போதே விட்டுவிட்டது. ஃபாரம் மாறிப்போனது என் கவனக்குறைவுதான். பள்ளிப் புத்தக வேலை வந்து குவிந்துவிட்டது, தலைகால் புரியவில்லை. வயதாகிறது, கண்ணும் முன்போல் இல்லை. ஐந்தாவதைத் தேடி அனுப்புகிறேன். அதற்குள் நீயே ஊகித்து எழுது, அவன் ஏன் திறந்தான்?

ஆறாவதின் இன்னொரு பிரதியை நேற்றுதான் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். அத்தான் கருத்து: அந்த லாட்ஜ்காரி பாவம்.

மாத்திரையை விடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


மே 5

அக்கா,

மாத்திரை சாப்பிடுகிறேன். சத்தியம்.

அத்தானுக்கு 'சரி' தவிர வேறு வார்த்தை கிடையாது. உண்மையை எழுது.

தங்கை


மே 13

அம்மாடி,

எழுதுகிறேன். நீ உட்கார்ந்துகொண்டு படி. நர்ஸ் திரும்பி வந்திருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

அத்தான் மார்ச் கடைசியில் போய்விட்டார். காய்ச்சல் நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். கடைசியாக அங்கிருந்த நர்ஸ் வந்து ஊசி போடட்டுமா என்றாள். 'சரி' என்றார்.

உன்னிடமிருந்து கடிதமே வராத நாட்கள் அவை. உனக்கு எப்படிச் சொல்வேன்? ஒரு சாவிலேயே நீ பாதி போய்விட்டாய். இதையும் சொன்னால் மீதியும் போய்விடும் என்று பயந்தேன். உன் காதுக்கு எட்டக் கூடாது என்று எல்லார் வாயையும் அடைத்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் "தங்கச்சி வரலையா?" என்று கேட்டதற்கு உடம்பு சரியில்லை என்றேன். அவர்கள் போனதும் உனக்கு ஃபாரம் மடித்தேன். எதை எடுத்தேன், எதை வைத்தேன் என்று இப்போதும் எனக்கு ஞாபகமில்லை. ஐந்தாவது, அத்தானின் மருந்துப் பெட்டிக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது. இத்துடன் வைத்திருக்கிறேன். நான் படிக்கவில்லை. படித்துக் காட்ட ஆளில்லாமல் படிக்க வரவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம்டி. சொல்லிவிடுகிறேன். எனக்கு ஏதாவது ஆனால் நான் யாரிடம் அழுவேன்? உன்னிடம்தானே அழ முடியும்? நீ செத்துவிடுவாயோ என்ற பயத்தில் என் புருஷன் செத்ததற்கு நான் அழவில்லை. உன் கதவு முன்னால் நின்றுகொண்டே இருந்ததில் அவரை வழியனுப்பக்கூட எனக்கு நேரமில்லாமல் போய்விட்டது. அவர் கட்டில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அவரைப் புரட்டிவிடுகிற நேரம் வந்தால் எழுந்துவிடுகிறேன். எழுந்த பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வேலைக்குப் போகவில்லை. மேஸ்திரி நல்ல மாதிரி, வரும்போது வா என்றார். எனக்கு அதிலும் விருப்பமில்லை. நீ என்னைத் தேற்ற வேண்டும் என்று எழுதவில்லை. உன்னால் முடியாது என்று தெரியும். இனி நான் எழுதாவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

அக்கா


மே 21

அக்கா,

ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று நர்ஸ் வீட்டில்தான் இருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு படித்தேன். அத்தானுக்காக அழுதேன், அப்புறம் இவருக்காக. இவருக்காக நான் சத்தம் போட்டு அழுதது அன்றைக்குத்தான். கீழ்வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். வந்தவர்களிடம் "எங்க அத்தான் போயிட்டாரு, எங்க அக்கா தனியா இருக்கா" என்று சொன்னேன். சொல்லி முடித்ததும்தான் அது எனக்கே உறைத்தது.

உன் கோபம் நியாயம். என்னை மன்னி என்று கேட்டால் நீ உடனே சரி என்பாய், அதனால் கேட்கவில்லை.

ஐந்தாவதைப் படித்துவிட்டேன். உனக்காகச் சொல்கிறேன். அவன் கதவைத் திறந்ததற்குக் காரணம் சோப்பு. சோப்பு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். பதினாறு பக்கத்துக்கு அவள் எப்படியெல்லாமோ உருகுகிறாள். அவன் தாழ்ப்பாளை இழுத்துத் தலையை நீட்டி, "சோப்பு இருக்குமா?" என்கிறான். முதலில் புத்தகத்தைச் சுவரில் அடிக்கத் தோன்றியது. இத்தனை மாதம் காத்திருந்தது இதற்கா? மறுநாள் யோசித்துப் பார்த்தேன். எழுத்தாளருக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதைத் திரும்பப் பெறுகிறேன். பெரிய காரணத்துக்கெல்லாம் எழுந்திருக்க முடியாது அக்கா. சின்னதாக ஏதாவது இருந்தால்தான் முடியும். இதுதான் என் கருத்து.

நர்ஸ் என் மாத்திரையை எந்த வேளைக்கு எது என்று உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறாள். ரயில் வர இன்னும் நேரமிருக்கிறது. இங்கே கூட்டம் தாங்கவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருவில் இறங்கியதிலிருந்து திரும்பிப் போய்விடலாம் என்று மனசு இழுத்துக்கொண்டே இருக்கிறது. இரண்டு தடவை எழுந்து வெளிவாசல்வரை போய்விட்டு வந்தேன். நீ பயப்படக் கூடாது என்று இதை மறைக்கலாம். ஆனால் மறைத்து எழுதியது போதும் நமக்கு.

இந்தத் தபால் உன் வீட்டுக்கு வர ஒரு வாரமாகும். நான் வந்துசேர இரண்டு நாள். அப்புறம் எதற்கு எழுதுகிறேன் என்று கேட்பாய். பெட்டியில் போட்டுவிட்டால் இதைத் திரும்ப எடுக்க முடியாது. நான் ரயிலேறாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டால், வருகிறேன் என்று சொல்லி வராதவளின் கடிதம் உன் கைக்கு வரும். அதை நீ தனியாக அந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாய். அப்படி ஒரு காரியத்தை உனக்குச் செய்ய என்னால் முடியாது. அதனால் இதை முதலில் போட்டுவிட்டு, அப்புறம் ரயிலேறப் போகிறேன்.

தபால்காரர் இதைக் கொண்டுவரும்போது நீ வாசலுக்குப் போக வேண்டாம். நான் போய் வாங்கிக்கொள்கிறேன்.

உன் தங்கை